நம்பர் போட்ட வாழை

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் என்னை மேடைக்குக் கூப்பிட்டு மரியாதை செய்திருக்கிறார்கள். அது நான் செய்ததிலேயே பெரிய தப்புக்காக. தப்பு செய்து தண்டனை வாங்கியவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. தப்பு செய்த அன்றைக்கே, அதே தப்புக்காக, கைதட்டலும் ஒரு புங்கங்கன்றும் வாங்கிக்கொண்டு இறங்கியவன் எனக்குத் தெரிந்து நான் மட்டும்தான்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். (பாதி என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. காலாண்டுப் பரீட்சை எழுதினேன், விடைத்தாள் வாங்கப் போகவில்லை.) அதற்குப் பிறகு முண்டியம்பாக்கம் பக்கம் கரும்பு வெட்டினேன். போர்வெல் லாரியில் ஏறி ஒடிசா வரை போனேன். விஜயவாடாவில் ஓர் ஓட்டலில் மாவு ஆட்டினேன். திண்டிவனத்திலிருந்து மேற்கே போகிற சாலையை அகலப்படுத்தியபோது மரம் வெட்டுகிற ஆட்களோடு ஐந்து மாதம் இருந்தேன். இந்த ஐந்து மாதத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எந்த இடத்திலும் ஏழு மாதத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. யாரும் விரட்டியதில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் உள்ளங்காலில் ஏதோ ஊரும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். படுக்க இடமில்லாத நாட்களில் பஸ் நிலையத்தில் படுத்தேன். சாப்பாடு கிடைக்காத நாட்களில் சாப்பிடவில்லை. இதைக் கஷ்டம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம் இருக்கும், எனக்கு இது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலைக்குச் சேர்ந்ததும் அப்படிக் கிளம்பிய ஒரு காலையில்தான். பெயர் வேண்டாம். அவர்கள் எனக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை, நான்தான் செய்தேன். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவன், வாசலில் ஆள் தேவை என்று தொங்கிய அட்டையைப் பார்த்து இறங்கினேன். தோட்ட மேற்பார்வை பார்க்கிற தண்டபாணி அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா வேல தெரியும்?”

“எல்லாம் தெரியும்ணே.”

“அப்ப ஒண்ணும் ஒழுங்கா தெரியாது. எத்தினி நாளு இருப்ப?”

“இருப்பேன்ணே.”

“பொங்கலத் தாண்ட மாட்ட. மொகத்துலயே எழுதிக்கினு இருக்குது. சரி, மம்மட்டிய எடு.”

அது வைகாசி மாதம். ஆவணியில் பல்கலைக்கழகத்தில் பசுமை வாரம் வந்தது. மரம் நடுவது, சைக்கிள் ஊர்வலம், குப்பை பிரிக்கும் போட்டி, கருத்தரங்கு என்று ஒரு வாரம் முழுக்க நிகழ்ச்சி. திங்கட்கிழமை தொடக்க விழா. இதற்கெல்லாம் பொறுப்பாக இருந்தவர் வணிகவியல் பேராசிரியர் ஒருவர். நாங்கள் அவரைப் பசுமை சார் என்போம். உண்மையிலேயே நல்ல மனிதர். கீழே கிடக்கிற சாக்லேட் காகிதத்தை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். டீக்கடைக்கு வந்தாலும் தன் எவர்சில்வர் டம்ளரோடுதான் வருவார். அவர் எங்களை எல்லாம் வேப்பமரத்தடியில் நிற்க வைத்துப் பேசினார்.

“இந்த வாரம் பூரா பிளெக்ஸ் கிடையாது, தெர்மாகோல் கிடையாது, பிளாஸ்டிக் பூ கிடையாது. எல்லாமே இயற்கை. இன்னொரு விஷயம், வெளியிலேர்ந்து வண்டி வெச்சு எதையும் கொண்டு வரக் கூடாது. வண்டி வந்தா புகை வரும். நாமளே புகை விட்டுட்டு, நாமளே மேடையில ஏறி சுற்றுச்சூழல் பேசறதா? காம்பஸுக்குள்ள கெடைக்கிறதை வெச்சு செய்ங்க.”

எங்கள் பக்கத்தில் இயற்கை அலங்காரம் என்றால் ஒன்றுதான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், புதுக்கடை திறப்பு, எதுவானாலும் வாசலில் குலையும் பூவுமாக இரண்டு வாழைமரம் நிற்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நான் கையைத் தூக்கினேன்.

“சார், வாழமரம் கட்டலாங்களா?”

“இயற்கைதானே? கட்டுங்க.”

“வெளிய போன் பண்ண வேணாம் சார். ஆஸ்டல் பின்னாடி நம்ம வாழையே குலையோட நிக்கிது.”

“பாத்தீங்களா, இப்படித்தான் யோசிக்கணும். உங்க பேரு என்ன?”

“ஏழுமலைங்க சார்.”

நோட்டை எடுத்து என் பெயரை எழுதிக்கொண்டார். தண்டபாணி அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பொறாமைகூட இருந்ததாக அன்று எனக்குப் பட்டது.

அந்த வாழைத் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் விடுதிச் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன நிலம். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் குழாய் வழியாக அங்கே வரும். நடுவில் கல், மணல், கரி போட்டு, மேலே கல்வாழை நட்ட ஒரு தொட்டி. நிலத்தில் மொந்தன் வாழை மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு. ஒவ்வொன்றின் கழுத்திலும் கம்பியில் கோத்த ஒரு தகர வில்லை, அதில் நம்பர். சுற்றிலும் வேலிபோல இன்னும் கொஞ்சம் வாழை, அவற்றுக்கு நம்பர் கிடையாது. அதற்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள் வேறு. நான் அந்த வழியாக நடந்து போனதோடு சரி. ஒரு பெண் டேப் பிடித்து அளப்பதையும், நோட்டில் எழுதுவதையும் பல நாள் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த ஐந்து மாதத்துக்கு வருவோம். சாலை வேலையில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். முதலில் ஆட்கள் வந்து புளியமரத்தை டேப் பிடித்துச் சுற்றளவு பார்ப்பார்கள். நோட்டில் எழுதுவார்கள். பட்டையைச் சீவி வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போடுவார்கள். அதற்குப் பிறகுதான் நாங்கள். நம்பர் இருந்தால் வெட்டலாம், நம்பர் இல்லாத மரத்தில் கை வைத்தால் போலீஸ் கேஸ். எங்கள் மேஸ்திரி இதைக் காலையும் மாலையும் சொல்வார். பள்ளிக்கூடத்தில் படித்தது எதுவும் என் மண்டையில் நிற்கவில்லை, இது மட்டும் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை விடிந்ததும் அரிவாளோடு போனேன். தூக்குவதற்கு இரண்டு ஆட்கள். சமையல்கட்டு வாசலில் கலா அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். விடுதியில் சமையல் வேலை பார்க்கிறவள், திண்டிவனத்துக்காரி. அதுவரை எனக்கும் அவளுக்கும் பேச்சு என்று இருந்தது, அவள் ஊற்றுகிற சாம்பார் போதுமா போதாதா என்பது மட்டும்தான்.

“எதுக்கு அருவா?”

“வாழ வெட்டிக்கினு போவணும். வாசல்ல கட்டறதுக்கு.”

“எஸ்தர் மேடத்துகிட்ட கேட்டீங்களா? அந்தப் பொண்ணு இதுங்கள டெய்லி அளந்துக்கினு கெடக்குது.”

“அளந்து முடிச்சிட்டாங்க. அதான் நம்பர் போட்டுக்குது பாரு.”

“நம்பர் போட்டா?”

“நம்பர் போட்டா வெட்டலாம்னு அர்த்தம். இதெல்லாம் வேலைல இருந்தவனுக்குத்தான் தெரியும்.”

(இந்தக் கடைசி வாக்கியத்தைக் கலா இன்று வரை மறக்கவில்லை. நான் பல்பு மாட்டினாலும் சரி, ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் சரி, இதை ஒரு தடவை சொல்லிவிடுவாள்.)

பத்து மரம் தேவை. வாசலுக்கு நாலு, அரங்கத்துக்கு நாலு, மேடைக்கு இரண்டு. நம்பர் இல்லாத ஒன்றைக்கூட நான் தொடவில்லை. நம்பர் போட்டவற்றிலும் குலை பெரிதாக, சீராகத் தொங்குகிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். நடு வரிசையில்தான் குலைகள் கண்ணைப் பறித்தன. அந்த வரிசை எட்டையும் வெட்டினேன். கடைசி வரிசையில் இரண்டு. தகர வில்லைகளைக் கழற்றவில்லை. ஆபீஸ் கணக்குக்கு வேண்டும் என்று நினைத்து, ஈரத்துணியால் ஒவ்வொன்றையும் பளபளவென்று துடைத்தும் வைத்தேன். இவ்வளவு பொறுப்பாக நான் எந்த வேலையும் அதற்கு முன் செய்ததில்லை.

ஒன்பது மணிக்கு நான் பிரதான வாசலில் ஏணிமேல் நின்று மாவிலை கட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி எஸ்தர் வந்தாள். கண்டமங்கலம் பக்கத்துக் கிராமம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள், கையில் சாப்பாட்டுக் கூடை. வாசலைப் பார்த்ததும் முதலில் சிரித்தாள், நன்றாக இருக்கிறது என்கிற மாதிரி. பிறகு குலைக்குப் பக்கத்தில் தொங்கிய வில்லையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு, ஐந்து. அதாவது இரண்டாவது வரிசை, ஐந்தாவது மரம்.

“அண்ணா, இதுல நம்பர் தொங்குது?”

“ஆமாங்க மேடம்.” ஏணியிலிருந்தே பெருமையாகச் சொன்னேன். “நம்பர் போட்டதாப் பாத்துதான் வெட்டினேன். நம்பர் இல்லாததுல கையே வெக்கல.”

அவள் கூடையைக் கீழே வைத்தாள். அடுத்த மரத்துக்குப் போய் வில்லையைத் திருப்பினாள். அதற்கடுத்ததுக்குப் போனாள். நாலாவதைப் பார்க்காமல் விடுதிப் பக்கம் ஓட ஆரம்பித்தாள். எனக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒருத்தர் அப்படி ஓடினால் பின்னால் ஓட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

நடு வரிசையில் எட்டு வெட்டுக்கட்டைகள், தண்ணீர் கசிந்துகொண்டு நின்றன. அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“இது என்னோட ஆராய்ச்சிண்ணா,” என்றாள். “மொத வரிசைக்குக் கெணத்துத் தண்ணி. நடு வரிசைக்குத் தொட்டில வடிகட்டின தண்ணி. கடைசி வரிசைக்கு வடிகட்டாத தண்ணி. எதுல குலை எவ்ளோ எடை வருதுன்னு பாக்கணும். இன்னும் மூணு வாரத்துல அறுக்க வேண்டியது.”

“சுத்தி நிக்கிதே, அது?”

“அது ஓரத்துக்கு. அதுக்குக் கணக்கே இல்ல.”

கணக்கே இல்லாததை எல்லாம் பத்திரமாக விட்டு வைத்து, கணக்கு உள்ளதைப் பார்த்துப் பார்த்து வெட்டியிருந்தேன்.

“வேற வாழைல பண்ண முடியாதுங்களா மேடம்?”

“போன வருஷம் நட்டது மழைத்தண்ணி தேங்கி அழுவிப் போச்சு. இது ரெண்டாவது வாட்டி. இன்னும் ஒரே ஒரு வருஷம்தான் எனக்கு டைம் குடுப்பாங்க. அதுக்குள்ள முடிக்கலைன்னா அவ்ளோதான், படிச்சது பூரா போயிடும்.” தன் ஊர்ப் பக்கம் கையைக் காட்டினாள். “எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் நாத்து நடப் போறவங்க. எங்க தெருவுல இவ்ளோ தூரம் படிச்சது நான் ஒருத்திதான். ஒரு வருஷம்ணா. ஒரு வருஷத்துக்கு நான் எங்க போவேன்?”

ஒரு வருடம் என்பது அவ்வளவு பெரிய சாமான் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் எத்தனையோ வருடங்களை அங்கங்கே போட்டுவிட்டு வந்திருக்கிறேன். எங்கே போட்டேன் என்று திரும்பிப் பார்த்ததுகூட இல்லை.

அவள் வெட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுக் கேட்டாள். “ஏண்ணா நடு வரிசையையே பூரா வெட்டினீங்க?”

“அதுலதான் மேடம் குலை நல்லா இருந்துச்சு. மத்த ரெண்டு வரிசையும் ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்ல.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்று வந்து போனது. “இதைத்தாண்ணா நான் நிரூபிக்கணும்னு ஒரு வருஷமா அளந்துக்கினு இருந்தேன்,” என்றாள். “நீங்க அரை மணி நேரத்துல கண்டுபுடிச்சிட்டீங்க. ஆனா இத எழுத முடியாது.”

அப்போதுதான் தண்டபாணி அண்ணன் மூச்சு வாங்க வந்தார். “யோவ், உன்னை எங்கெல்லாம் தேடறது? பசுமை சார் கூப்புடறாரு. ஜல்தி வா, சட்டையில மண்ணத் தட்டிக்கோ.”

வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அரங்கத்துக்குள் போனால் ஐந்நூறு பேர். மேடையின் இரண்டு பக்கமும் என் வாழைகள். நடுவில் தலைமை விருந்தினர், ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி, பேசிக்கொண்டிருந்தார். ஒரு மரத்தை வெட்டினால் பத்து மரம் நட வேண்டும் என்றார். நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன், நூறு வந்தது. அவர் உட்கார்ந்ததும் பசுமை சார் மைக்கைப் பிடித்தார்.

“இந்த விழாவுக்கு வெளியிலிருந்து ஒரு வண்டிகூட வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் பூகூட இல்லை. இந்த அழகான யோசனையைத் தந்தவர் நம் தோட்டப் பணியாளர் திரு. ஏழுமலை அவர்கள். மேடைக்கு வரும்படி அன்போடு அழைக்கிறேன்.”

திரு என்று என்னை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. கால் தானாக மேடை ஏறியது. தலைமை விருந்தினர் என் கையில் ஒரு புங்கங்கன்றைக் கொடுத்தார். கறுப்பு பிளாஸ்டிக் பையில் இல்லை, தேங்காய்ச் சிரட்டையில் வைத்திருந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். கதவோரம் எஸ்தர் நிற்பதைப் பார்த்தேன். தோளில் அளக்கிற டேப். மேடையில் இருந்த இரண்டு மரத்தையும், யாராவது வாழைப்பூவைப் பறித்துவிடுவதற்கு முன் அளந்துவிட வேண்டும் என்று விழா முடிவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு ரெண்டு வார்த்தை பேசுங்க,” என்று பசுமை சார் மைக்கை என்னிடம் நீட்டினார்.

இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயமா அது. இருந்தாலும் சொன்னேன். “எல்லாருக்கும் வணக்கம். இந்த வாழயெல்லாம் வெட்டக் கூடாததுங்க. அந்தப் பொண்ணு ஒரு வருஷமா வளத்தது. நான் தெரியாம வெட்டிட்டேன். இந்தக் கன்னு எனக்கு வேணாங்க.”

பசுமை சார் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

“பாருங்கள்,” என்றார். “வாழையை வெட்டியதற்கே மனம் வருந்துகிறார். பரிசு வேண்டாம் என்கிறார். இதைவிட இயற்கை நேசம் வேறு என்ன இருக்க முடியும்?”

கைதட்டல் நிற்கவே இல்லை. முன்வரிசையில் சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். உண்மையை ஒளிக்காமல் சொல்லி, அதை ஒருத்தர்கூட நம்பாமல், அதற்காகவே பாராட்டும் வாங்கியவன் நான். இறங்கி வரும்போது தண்டபாணி அண்ணன் காதோரம் வந்தார்.

“கலா சொல்லிச்சு. எவ்ளோ பெரிய பேஜாரு பண்ணி வெச்சிருக்க. விழா முடிஞ்சி சாருக்கு விஷயம் போறதுக்குள்ள கெளம்பிடு. பைய எடுத்துக்கினு போய்க்கினே இரு.”

அதற்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் பை எப்போதும் கட்டியேதான் இருக்கும். பத்து நிமிடத்தில் நெடுஞ்சாலை பஸ் நிறுத்தத்தில் இருந்தேன். ஒரு கையில் பை, இன்னொரு கையில் புங்கங்கன்று. அதை அறையில் வைத்துவிட்டு வந்திருக்கலாம், தோன்றவில்லை.

விழுப்புரம் பஸ் வந்தது. கூட்டம். படியில் நின்ற கண்டக்டர் என்னைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார்.

“செடியோட ஏறாதப்பா, மண்ணு கொட்டும். ஒண்ணு நீ வா, இல்ல அது வரட்டும்.”

கன்றைக் கீழே வைத்துவிட்டு ஒரு காலைப் படியில் வைத்தேன். தார் ரோட்டோரம், ஜல்லியின் மேல், சிரட்டையோடு அது சாய்ந்தது. மத்தியான வெயிலுக்குள் காய்ந்துவிடும். காலையில் பத்து, இது பதினொன்று. காலைக் கீழே எடுத்தேன். பஸ் போய்விட்டது. இதை எங்காவது ஈரமாக இருக்கிற இடத்தில் நட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று திரும்பினேன். எனக்குத் தெரிந்து ஈரமாக இருக்கிற இடம் சமையல்கட்டுப் பின்பக்கம்தான். வேறு எந்தப் பெரிய எண்ணத்தோடும் நான் திரும்பவில்லை. என்னை நல்லவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அங்கே எஸ்தர் வெட்டுக்கட்டைகளைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். யாரிடமோ போனில் பேசி முடித்திருந்தாள். அவளுக்கு ஆராய்ச்சி வழிகாட்டுகிற அம்மாவிடம் என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

“அருவா வச்சிருக்கீங்களாண்ணா?”

என்னை வெட்டப் போகிறாள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வெட்டினாலும் நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

“மிச்சம் இருக்கிற பதினாலையும் வெட்டணும். மேடம் கிட்ட பேசிட்டேன். எல்லாம் ஒரே நாள்ல வெட்டினாதான் அடியில இருக்கிற கன்னு ஒரே மாதிரி வளரும். ஒரு கட்டைக்கு ஒரு கன்னு விட்டு, மறுபடியும் முதல்லேர்ந்து அளக்கணும். அது குலை தள்ளி முடிய எப்படியும் ஒரு வருஷம் ஆயிடும்.”

காலையில் பத்து வாழையைச் சீட்டியடித்துக்கொண்டு வெட்டியவன் நான். அந்தப் பதினாலை வெட்டும்போது அரிவாள் கனத்தது. ஒவ்வொன்றையும் வெட்டுவதற்கு முன் நம்பரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன், வெட்டினேன், அவள் எழுதினாள். அன்றைக்குத்தான் எனக்கு நம்பர் என்றால் என்னவென்று புரிந்தது. சாலையில் நம்பர் போட்டது மரத்தைக் கணக்கிலிருந்து எடுப்பதற்காக. இங்கே நம்பர் போட்டது கணக்கில் வைத்துக்கொள்வதற்காக.

கடைசி மரம் விழுந்ததும் சொன்னாள். “தண்ணி ஊத்தறவர் சரியா அளந்து ஊத்தறது இல்ல. ஒரு நாள் அதிகம், ஒரு நாள் கம்மி. இந்த வாட்டி யாராவது ஒருத்தரே, ஒரு வருஷம், ஒரு நாளும் விடாம ஊத்தணும்.”

“நான் ஊத்தறேன் மேடம்.”

“நீங்க பொங்கலுக்கே இருக்க மாட்டீங்கன்னு தண்டபாணி அண்ணன் சொன்னாரு.” அவள் பார்வை என் பைமேல் இருந்தது. அதைத் தோளிலிருந்து நான் இறக்கியிருக்கவில்லை.

இறக்கி வைத்தேன்.

பசுமை சாருக்கு மாலையில் விஷயம் தெரிந்தது. என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று பார்த்தால், அவரே எஸ்தரைத் தேடி வந்து, வரப்பில் நின்று, “இந்தத் தோட்டம் எதுக்குன்னு நான் ஒரு நாளும் கேட்கலையேம்மா,” என்றார். மறுநாள் காலையில் முள்கம்பி வேலியும் பெரிய பலகையும் வந்தன. (வெளியிலிருந்து வண்டியில்தான் வந்தன. புகையைப் பற்றி யாரும் பேசவில்லை.)

இருபத்துநாலு குலை என்ன ஆவது? எதையும் வீணாக்கக் கூடாது என்பது அந்த வாரத்தின் சட்டம். எடை போட்டு முடித்ததும் எல்லாம் சமையல்கட்டுக்குப் போயின. விடுதியில் அந்த வாரம் முழுக்க வாழைக்காய்ப் பொரியல், வாழைத்தண்டுக் கூட்டு, வாழைப்பூ வடை. ஆயிரம் பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். எனக்குக் கலா தட்டில் பொரியலை வைத்துவிட்டு, அங்கேயே நின்று சொன்னாள்.

“சாப்புடுங்க. ரெண்டாவது வரிசை, நாலாம் நம்பரு. வேலைல இருந்தவருக்குத்தான ருசி தெரியும்.”

அந்த வருடத்தை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் மரத்துக்கு ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். எந்தத் தண்ணீர் எந்த வரிசைக்கு என்று சமையல்கட்டுக் குழாயைக் கலா திறந்துவிடுவாள், நான் பிடிப்பேன். கார்த்திகைக் காற்றில் ஒவ்வொன்றுக்கும் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்துக்கொண்டு மூன்று நாள் மழையில் நின்றேன், காய்ச்சல் வந்தது, போனது. மார்கழிக் கடைசியில், வழக்கம்போல, உள்ளங்காலில் ஊர ஆரம்பித்தது. பையை எடுத்து வைத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பலாம் என்று போனேன். குழாயைத் திறந்துவிட்ட கலா என் தோளில் இருந்த பையைப் பார்த்தாள். ஏன், எங்கே என்று கேட்கவில்லை.

“குலை தள்ளட்டும், அப்புறம் போங்க,” என்றாள். அவ்வளவுதான்.

பொங்கலன்று தண்டபாணி அண்ணன் தோட்டத்துக்கு வந்து, நான் இருக்கிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கரும்பை வேலியில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

ஆடியில் குலை அறுத்தோம். நடு வரிசைதான் கனம். எஸ்தர் ஒவ்வொன்றையும் தராசில் போட்டு எழுதியபோது நான் பக்கத்தில் நின்று நம்பரைச் சத்தமாகப் படித்தேன். அவள் படிப்பை முடித்து, இப்போது வேறு ஊரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அவளுடைய ஆராய்ச்சிப் புத்தகத்தில் நன்றி சொல்கிற பக்கத்தில் என் பெயரும் இருக்கிறது. இங்கிலீஷில் ஒரு வரி. இந்த வாழைகளை இரண்டாம் முறை வளர்த்துக் கொடுத்தவர் என்று அர்த்தமாம். எங்கள் கல்யாணத்துக்கு வந்தபோது அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினாள். கலா வாங்கிப் பார்த்துவிட்டு, “மொத வாட்டி இன்னா பண்ணாருன்னு போடலியா?” என்று கேட்டாள்.

அந்தக் கல்யாணத்தில், திண்டிவனத்து மண்டப வாசலில், கலா வீட்டார் இரண்டு வாழைமரம் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளையாக உள்ளே நுழையும்போது என் கை தானாகப் போய்க் குலைக்குப் பக்கத்தில் தடவிப் பார்த்தது. பெண் வீட்டுக்காரர்கள் எல்லோரும் அதற்காகவே காத்திருந்ததுபோலச் சிரித்தார்கள். மைத்துனன் சாக்பீஸால் என் வேட்டி ஓரத்தில் ஒரு நம்பரைப் போட்டான்.

இப்போது கோலியனூர் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். அதே பல்கலைக்கழகத்தில், அதே தோட்டத்தில்தான் வேலை. எங்கள் மகள் ஸ்கூலில் இந்தி வகுப்பை, சிலம்பத்தை, எதையாவது பாதியில் விடுகிறேன் என்று வந்து நின்றால், கலா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வது, “குலை தள்ளட்டும், அப்புறம் வுடு.” தெருவில் மற்றவர்களுக்கு இது புரியாது. எங்கள் வீட்டில் விளக்கம் தேவையில்லை.

உள்ளங்காலில் இன்னும் ஊரத்தான் செய்கிறது. ஒடிசா போகிற போர்வெல் லாரியைப் பார்த்தால் கை பையைத் தேடும். இந்தக் குலையை அறுத்ததும் ஒரு நடை எங்காவது போய் வரலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைக்கிறேன். ஆனால் வாழையில் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்தக் குலை முற்றுவதற்குள், யாரும் கேட்காமலே, அடியில் அடுத்த கன்று வந்து நின்றுவிடுகிறது.